வரப்பு மேல் டர்ட் பைக்: முதலில் எதை மாற்றுவது?

டர்ட் பைக் என்றதும் உங்களுக்கு என்ன படம் தோன்றுகிறது? பெரும்பாலும் ஒரு பாலைவனம், மணலைக் கிளப்பிக்கொண்டு ஒருவர் பறப்பார். இல்லையென்றால் லடாக் மாதிரி ஒரு மலை, கூழாங்கல் ஆறு. இரண்டிலும் ஒரு நெல் வயல்கூட இருக்காது. ஆனால் வருடத்தில் பாதி நாள் சேற்றில் வண்டி ஓட்டுகிற ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், நான் எங்கள் தஞ்சாவூர் பக்கத்தைத்தான் காட்டுவேன். இங்கே யாரும் அதை டர்ட் பைக்கிங் என்று சொல்லிக்கொள்வதில்லை. "வயலுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லுவார்கள், அவ்வளவுதான் :-)

கொஞ்ச நாளாக இந்த விஷயம் என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. படிப்பது மெக்கானிக்கல். புத்தகத்தில் ஸ்பிரிங், டேம்பிங், நெம்புகோல் என்று படித்ததை எல்லாம் ஒரு நிஜ வண்டியில், நிஜ மனிதருக்காகப் போட்டுப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். எல்லாம் எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். எங்கள் ஊரின் உண்மையான டர்ட் பைக் டிவிஎஸ் 50தான். 1980ல் ஓசூரிலிருந்து வந்த அந்த மொபெட்டும் அதன் வாரிசான எக்ஸ்எல்லும் ஏறாத வாய்க்கால் கரை டெல்டாவில் கிடையாது. நெல் மூட்டை, புல்லுக்கட்டு, யூரியா, பால் கேன், பின்னால் ஒரு ஆள் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் போகும். அதில் ஒரே தொல்லை, மழைக்காலத்தில் களிமண் டயரோடு சுருட்டிக்கொண்டு வந்து மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியை எடுத்து நோண்ட வேண்டியதுதான். ஐப்பசி பிறந்ததும் முன் மட்கார்டைக் கழற்றி வீட்டு எரவாணத்தில் செருகி வைத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். டர்ட் பைக்குகளில் முன் மட்கார்டு சக்கரத்தை விட்டு எட்டி, உயரத்தில் பறவை அலகு மாதிரி இருக்கிறதே, அதற்கும் காரணம் இதேதான். சேறு உதிர இடம் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கம்பெனிகள் மண்ரோட்டுக்கென்றே கட்டுப்படியான விலையில் பைக் செய்தது பின்னால்தான். 2011ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. சில வருடங்களில் நின்றும் போனது. அதன் பிறகு 2019ல் அதே கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. தரைக்கும் இஞ்சின் அடிக்கும் நடுவே 220 மி.மீ. இடைவெளி. இந்த வண்டி ஒன்றுதான் நம் கதாநாயகன்.

வாங்கியது என் தாய்மாமா. செகண்ட் ஹேண்ட். அவர் ஊர் சுற்றுவதற்காக வாங்கவில்லை. மாமா அறுவடை இயந்திர மெக்கானிக். குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு, தாளடி அறுப்பு என்று சீசன் வந்தால் அவருக்குத் தூக்கம் கிடையாது. ஈர வயலில் இறங்குகிற பெல்ட் வண்டி நடு வயலில் நின்றுவிட்டால் போன் வரும். ராத்திரி பதினொன்றானாலும் போகவேண்டும். வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது, கதிர் சாய்ந்து கிடக்கிறது, மேகம் வேறு கூடுகிறது என்றால் அந்த விவசாயி மாமாவை எந்தக் கண்ணோடு எதிர்பார்த்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் அறுக்கிற நேரத்தில் மழை பெய்து சம்பா நெல் சாய்ந்ததே, அந்த மாதிரி நாட்களில் ஒரு மணி நேரம் என்பது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

போன குறுவை அறுப்பில் மாமா விழுந்துவிட்டார். வெண்ணாற்றங்கரையில் ஒரு மதகுப் பக்கம் இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஸ்பேனர் பிடிக்கிற கை. அந்த ஆறு வாரமும் வீட்டில் வரும்படி இல்லை.

அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டார். "தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லு. அந்த வண்டிய வித்துட்டு பழைய எக்ஸ்எல்ல போகச் சொல்லு. இல்ல நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

மாமாவுக்கோ வேறு யோசனை. "மாப்ள, வண்டி நல்ல வண்டிதான்டா. ஒரு கிட்டு இருக்காம்ல, அதப் போட்டா ரேஸ் வண்டி மாதிரி ஆயிடுமாம். இருபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். மீதிக்கு சீட்டு எடுத்துடலாமா?"

அந்தக் கிட் எனக்குத் தெரியும். 2020ல் கம்பெனியே கொண்டுவந்த ராலி கிட். அப்போது விலை 38,000 ரூபாய். அதைப் போட்டால் முன் ஃபோர்க் அமுங்குகிற தூரம் 190 மி.மீ.லிருந்து 250 ஆகும். பின் ஷாக்கில் 170லிருந்து 220. குமிழ் குமிழாக இருக்கிற ராலி டயர், தட்டையான சீட், உயர்த்திய ஹேண்டில் பார் எல்லாம் வரும். அருமையான சாமான், சந்தேகமே இல்லை. 2015ல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024ல் கேரளத்துப் பையன் ஹரித் நோவா அதே ராலியில் ராலி 2 என்ற பிரிவையே ஜெயித்தார். இப்போது அது சவூதி பாலைவனத்தில் நடக்கிறது. மணல் மேட்டிலிருந்து குதித்து, கல்லில் மோதி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவனுக்கு அமுங்குகிற தூரம் எவ்வளவு இருந்தாலும் போதாது.

ஆனால் நம் ஊரில் குதிக்க என்ன இருக்கிறது? தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தரை தோசைக்கல் மாதிரி. மாமா கரையில் போகிற வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர். எங்கள் பிரச்சினை மேடு பள்ளம் கிடையாது. வழுக்கல், கரைச்சரிவு, சுமை. இந்த மூன்றுதான்.

அதிலும் கரைச்சரிவு முக்கியம். வாய்க்கால் கரை என்பது மேலே நாலு அடி அகலம், இரண்டு பக்கமும் சரிவு. வண்டி நின்றால் ஊன்றுகிற கால், சக்கரம் நிற்கிற மட்டத்தில் ஊன்றாது, அரையடி கீழே ஊன்றும். அப்படியென்றால் சீட் உயரம் அரையடி கூடிவிட்டதாக அர்த்தம். சாதாரண எக்ஸ்பல்ஸின் சீட் 823 மி.மீ. நீண்ட சஸ்பென்ஷனோடு 2023ல் வந்த ப்ரோ மாடலில் அது 891 மி.மீ. மாமாவின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். பாலைவனத்தில் அது பிரச்சினையே இல்லை, அங்கே யாரும் நிற்கப் போவதில்லை. மாமாவோ எதிரே ஆடு வந்தாலும் நிற்க வேண்டும், மாடு வந்தாலும் நிற்க வேண்டும், தலையில் நாற்றுக்கட்டோடு ஒரு பாட்டி வந்தால் கட்டாயம் நிற்க வேண்டும். கால் எட்டாவிட்டால் வாய்க்காலுக்குள்ளேதான்.

"மாமா, பாகம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுங்க. அளந்து பாத்துடுவோம்" என்றேன்.

"அளக்கறதுக்கு என்னடா இருக்கு, சட்டையா தைக்கப் போறோம்?"

ஆமாம், கிட்டத்தட்ட அதேதான். சஸ்பென்ஷன் என்பது ரெடிமேட் சட்டை. கம்பெனி ஒரு நடுத்தர எடைக்காரரை நினைத்துத் தைத்திருக்கும். நமக்கு ஏற்றமாதிரி பிடித்துத் தைக்க வேண்டும். அதற்கு ஒரு டேப் போதும்.

அளப்பது இப்படி. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் சக்கரம் தரையைத் தொடாதபோது, சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியை இறக்கி, ஓட்டுகிறவர் உட்கார்ந்ததும் அதே தூரத்தை அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கல். மண்ரோட்டு வண்டிக்கு, ஆள் உட்கார்ந்தபோது மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால் நல்லது என்பது பொதுவான வழக்கம். பின்னால் 170 மி.மீ. என்றால் சுமார் 57. மீதி இரண்டு பங்கு மேட்டில் ஏறும்போது அமுங்குவதற்கு. அந்த ஒரு பங்கு, பள்ளத்தில் சக்கரம் கீழே நீண்டு தரையைப் பிடித்துக்கொள்வதற்கு.

மாமா உட்கார்ந்தார். 82 கிலோ. அமுங்கல் 62 மி.மீ. பரவாயில்லை. பிறகு, அவர் எப்போதும் எடுத்துப் போகிற டூல் பெட்டியைக் கேரியரில் ஏற்றினோம். அமுங்கல் 84. சரி பாதி! ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே பின்பக்கம் பாதி உட்கார்ந்துவிட்டது. வண்டி பார்ப்பதற்கு வாலை இறக்கி மூக்கைத் தூக்கின எருமை மாதிரி நிற்கிறது.

பெட்டியை எடை போட்டோம். 28 கிலோ. ஒரு ஆளே இல்லையா அது?

இங்கேதான் அந்த எட்டாம் வகுப்பு நெம்புகோல் வருகிறது. இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே சுமார் 1410 மி.மீ. கேரியரில் இருந்த பெட்டியின் நடு, பின் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் இருந்தது. பின் அச்சைத் தாண்டி எடை வைத்தால் சீசா மாதிரி முன்பக்கம் தூக்கும். எவ்வளவு? 28ஐ 250ஆல் பெருக்கி 1410ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5. அதாவது பெட்டி ஏறியதும் முன் சக்கரத்தின் மேலிருந்த எடையில் 5 கிலோ போய்விட்டது. பின் சக்கரத்தின் மேல் 28க்குப் பதில் 33 கிலோ ஏறியது.

வண்டியைத் திருப்புவது முன் சக்கரம். அது தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுதான் பிடிக்கும். ஈரக் களியில் ஏற்கனவே பிடி குறைவு, அதிலிருந்தும் 5 கிலோவைப் பிடுங்கிவிட்டோம். அதோடு, பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்து படுத்துக்கொள்ளும், திருப்பினால் வண்டி சோம்பேறித்தனமாகத் திரும்பும். மதகுக்கிட்ட மாமா திருப்பினார், வண்டி திரும்ப யோசித்தது, அவர் இன்னும் திருப்பினார், சக்கரம் வழுக்கியது. விழுந்த அன்று எல்லோரும் டயரைத்தான் திட்டினார்கள். டயருக்கும் பங்கு உண்டு, வருகிறேன். ஆனால் முதல் குற்றவாளி பின்னால் உட்கார்ந்திருந்த பெட்டி.

இதே பெட்டியைப் பின் அச்சுக்கு 300 மி.மீ. முன்னால், பின்சீட்டு ஃபுட் ரெஸ்ட் பக்கம், இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் தொங்கவிட்டால்? கணக்குப் போட்டால் முன் சக்கரத்தின் மேல் 6 கிலோ கூடும், பின்னால் 22தான் ஏறும். மைனஸ் 5 எங்கே, ப்ளஸ் 6 எங்கே? முன் சக்கரத்துக்கு 11 கிலோ வித்தியாசம், ஒரு பைசா பாகம் வாங்காமல். எடை கீழே இறங்குவதால் மெதுவாகப் போகும்போது பேலன்ஸும் சுலபம்.

தெற்கு வீதிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் சதுரக் குழாயில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டினோம். 1,800 ரூபாய். பெட்டியைப் பிரிக்கும்போது அடியில் ஒரு புதையல் கிடைத்தது. எப்போதோ கழற்றிய தேய்ந்த பேரிங், துருப்பிடித்த போல்ட், உடைந்த செயின் துண்டு என்று 6 கிலோ பழைய இரும்பு. "எப்பயாச்சும் உதவும்டா" என்றார் மாமா. அத்தை ஒரு வார்த்தை பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டுபோய் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார் :-)

அடுத்து பின் ஷாக். எக்ஸ்பல்ஸில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்க 10 படி இருக்கிறது. மாமா வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஐந்து படி ஏற்றினோம். சுமையோடு அமுங்கல் 58 மி.மீ. நாங்கள் தேடிய 57க்குப் பக்கத்தில்! ஒரு விஷயம் இங்கே சொல்லவேண்டும். இப்படி இறுக்குவதால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான், வண்டி நிற்கிற உயரம் மட்டும் ஏறும். அதனால் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். ஆள் இல்லாமல், தன் சொந்த எடையில் வண்டி கொஞ்சமாவது அமுங்குகிறதா? எங்களுக்கு 15 மி.மீ. அமுங்கியது, நல்லது. அது பூஜ்யமாகிவிட்டது என்றால் ஸ்பிரிங் அந்த எடைக்குப் போதவில்லை, வெளியே கிடைக்கிற கெட்டியான ஸ்பிரிங் வாங்க வேண்டிய நேரம் அது. மாமாவுக்கு அந்தச் செலவு தேவைப்படவில்லை.

முன்பக்கத்துக்கு வந்தோம். சென்டர் ஸ்டாண்டு போட்டமாதிரி முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெல்ல இடமும் வலமும் ஆட்டினால், நட்டநடுவில் 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுவது போல இருந்தது. கோன் செட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது. இதோடு வண்டி ஓட்டினால், நேராகப் போவதிலிருந்து லேசாகத் திருப்பும்போது முதலில் திரும்பாது, பிறகு திடீரென்று அதிகமாகத் திரும்பும். வழுக்குகிற கரையில் அது எமன். பந்து பேரிங் இருக்கிற வண்டிகளில் கூம்பு வடிவ ரோலர் உள்ள கோன் செட் போடுவது வெளிப்பாகங்களிலேயே நல்ல பலன் தருகிற ஒன்று. எடையைப் பந்து ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோட்டில் தாங்கும். சீக்கிரம் குழி விழாது. கூலியோடு 1,100 ரூபாய்.

ஃபோர்க்கைக் கழற்றினால் உள்ளே இருந்தது எண்ணெயா, வடித்த கஞ்சியா என்று தெரியவில்லை. சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஸ்பிரிங் துள்ளலை அடக்குவது அந்த எண்ணெய்தான். அது கெட்டால் ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடும், ஆடுகிற சக்கரம் தரையைச் சீராக அழுத்தாது. புது எண்ணெய், புது சீல், ஸ்பிரிங்குக்கு மேல் வைக்க லேத் பட்டறையில் கடைந்த 8 மி.மீ. வளையம் இரண்டு. எல்லாம் சேர்த்து 1,450. முன் அமுங்கல் 70லிருந்து 62 ஆனது. 190ல் மூன்றில் ஒரு பங்கு 63. மாமா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "பரவால்லடா, காலேஜ்ல ஏதோ சொல்லித்தர்றானுக."

இப்போது டயர். இங்கே எங்கள் ஜில்லாவின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வெளியூர்க்காரர்களுக்குத் தஞ்சாவூர் என்றால் ஒரே மண். உண்மையில் மாமா ஒரே நாளில் மூன்று மண்ணில் ஓட்டுகிறார். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி பாய்கிற பழைய டெல்டாவில் காவேரி கொண்டுவந்து கொட்டிய வண்டல், களி. தெற்கே வல்லம், ஒரத்தநாடு பக்கம் போனால் செம்மண்ணும் சரளையும். 1934ல் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வந்த கல்லணைக் கால்வாய், நாங்கள் புது ஆறு என்று சொல்வது, அந்த மேட்டு நிலத்துக்குத்தான் தண்ணீர் கொண்டுபோகிறது. வடக்கே கொள்ளிடக் கரைக்குப் போனால் சுத்த மணல்.

மணலில் அகலமான, காற்று குறைந்த டயர் மிதந்து போகும். சரளையில் குமிழ்கள் நெருக்கமாக இருந்தால் நல்லது. களியில் நேர் எதிர். குமிழ்களுக்கு நடுவே நல்ல இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் களி நிரம்பி டயர் முழுவதும் வழவழவென்று ஆகிவிடும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும் அப்போது அது வெறும் மண் உருண்டை. இடைவெளி இருந்தால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் களி தானே தெறித்து விழும். ஆனால் இடைவெளி அதிகமான டயர் தார் ரோட்டில் நெளியும், ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் ஆகும். மாமா ஓட்டுவதில் பாதிக்குமேல் தார் ரோடு. அதனால் பின்னால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர். முன்னால் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்ட குமிழ் டயர். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் மாவுக்கட்டுதான் என்பதால் பிடியை முன்னால் வைத்தோம். அளவு கம்பெனி கொடுத்த அதே 90/90-21, 120/80-18. இரண்டும் சேர்த்து 7,200 ரூபாய். மொத்தச் செலவில் பாதிக்குமேல் இதுதான்.

காற்று விஷயம் இலவசம், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. கரையில் இறங்கும் முன் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படியும். ஆனால் சுமையோடு ரொம்பக் குறைத்தால் கல்லில் ஏறும்போது ட்யூப் விளிம்பில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதனால் சேற்றுக்கு முன்னால் 20, பின்னால் 24 என்று வைத்துக்கொண்டோம். திரும்பத் தார் ரோட்டுக்கு ஏறியதும் நிரப்ப ஒரு சின்னக் கால்பம்பு, வலது பெட்டிக்குள். அந்த 6 கிலோ பழைய இரும்பு காலி செய்த இடத்தில்.

கடைசியாக ஃபுட் ரெஸ்ட். களி ஒட்டிய காலோடு மழமழப்பான ரப்பர் மேல் நின்றால் கால் நழுவும். பல் வைத்த, அகலமான இரும்பு ஃபுட் ரெஸ்ட் 1,300 ரூபாய். கரடுமுரடான இடத்தில் எழுந்து நின்று ஓட்டுவது ஸ்டைலுக்காக இல்லை. உட்கார்ந்திருந்தால் 82 கிலோவும் சீட்டோடு சேர்ந்து குலுங்கும். நின்றால் முழங்கால் இன்னொரு ஷாக் அப்சார்பர் ஆகிவிடும், வண்டி கீழே தனியாக ஆடிக்கொள்ளும். பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தை, நின்றால் விரல் நேராகப் போய் விழுகிறமாதிரி கொஞ்சம் இறக்கிவைத்தோம். அது இலவசம். ஹேண்டில் பார் உயர்த்தும் கட்டை உயரமானவர்களுக்கு நல்லது, மாமாவுக்கு வேண்டாம். ஸ்டீயரிங் டாம்பர் வேகமாகப் போகிறவர்களுக்கு, மாமாவுக்கு வேண்டாம். சத்தம் போடுகிற சைலன்சர் யாருக்குமே வேண்டாம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நாங்கள் டயர் அளவை மாற்றாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கூட்டிப் பாருங்கள். சட்டம் 1,800, கோன் செட் 1,100, ஃபோர்க் 1,450, டயர் 7,200, ஃபுட் ரெஸ்ட் 1,300. மொத்தம் 12,850. மாமாவின் இருபதாயிரத்தில் 7,150 மிச்சம். அதை என்ன செய்வது என்று மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மொதல்ல அந்த செருப்ப வுட்டுட்டு ஒரு பூட்ஸ் வாங்கச் சொல்லு தம்பி. பல்லு வச்ச கம்பி மேல செருப்போட நின்னா காலு என்னத்துக்கு ஆவும்?" இந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. பூட்ஸும், முகத்தை முழுதாக மூடுகிற ஹெல்மெட்டும், மணிக்கட்டுக் காப்போடு கையுறையும் வாங்கினோம். இந்த வண்டிக்கு வாங்கிய வெளிப்பாகங்களிலேயே உருப்படியானவை அவைதான் என்பது அத்தையின் கட்சி. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

சம்பா அறுப்பு வந்தது. மாமா தினமும் போனார். ஒரு தடவை, மழை விட்ட ராத்திரி, அதே வெண்ணாற்றங்கரையில் வண்டி வழுக்கியது. கால் ஊன்றினார், கால் எட்டியது, நின்றார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கிட்டைப் போட்டு சீட்டை உயர்த்தியிருந்தால் அந்தக் கால் எட்டியிருக்குமா என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம். வண்டியை விற்கிற பேச்சு அதற்கப்புறம் வீட்டில் வரவில்லை. ராத்திரி போன் வந்தால் மட்டும் அத்தை வாசலில் டார்ச் வெளிச்சத்தில் பூட்ஸ் நாடாவைச் சரி பார்த்துத்தான் அனுப்புகிறாராம்.

உங்களிடமும் மண்ரோட்டில் ஓடுகிற வண்டி இருந்தால், பாகம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள். சுமை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அமுங்கல் எவ்வளவு, கோன் செட்டும் ஃபோர்க் எண்ணெயும் எப்படி, டயரில் காற்று எவ்வளவு. அதற்கப்புறம் உங்கள் மண்ணைப் பார்த்து டயர். அதற்கும் அப்புறம் காசு மிச்சமிருந்தால் மற்றதெல்லாம். பாலைவனத்துக்காகச் செய்த பாகம் பாலைவனத்தின் கேள்விக்குப் பதில் சொல்லும். நம் வரப்பு கேட்கிற கேள்வி வேறு.

டேப் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. தையல்காரர் வைத்திருப்பாரே, அதே டேப்தான்.